வைத்திக்குப்பத்தில் ஒரு ஐப்பசி: நான் தப்பாக அளந்த கடல்

தீபாவளிக்கு மறுநாள் காலை ஐந்தே காலுக்கு ஆத்தூரில் பஸ் ஏறினேன். புதுச்சேரியில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கிப் படிப்பது, கடலைப் பார்த்து எழுதுவது என்பது திட்டம். நீங்களும் இப்படி ஒரு மாதம் போக நினைத்தால் பயன்படட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன். குறிக்காமல் விட்டது ஒன்று. அதனால் ஒரு வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

என் வயது அறுபத்தொன்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. முப்பத்தோரு வருடம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு எடை போட்டேன். கவிதை எழுதத் தொடங்கி நாற்பது வருடம் ஆகிறது. பாதிப் பத்திரிகைகள் பதிலே போடவில்லை. மீதி, வருந்துகிறோம் என்று அச்சடித்த அட்டை அனுப்பின. அந்த அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தில் நாற்காலி போடுவதற்குக் கூப்பிடுவார்கள், வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் பக்கம் கிணறுகள் வற்றிவிட்டன. போர்வெல் போட்டால் ஆயிரம் அடிக்குக் கீழே புகைதான் வருகிறது. மழை வேண்டிய மாதத்தில் பெய்யாமல், வேண்டாத மாதத்தில் கொட்டிக் கிழங்கை அழுகவைக்கிறது. இதைப் பேசினால் ஊரில் "பெருசு ஆரம்பிச்சிருச்சு" என்கிறார்கள். தண்ணீர் இல்லாததைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், இனித் தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்து எழுதலாம் என்று கிளம்பினேன்.

ஆத்தூரிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாக விழுப்புரம், அங்கே பஸ் மாறிப் புதுச்சேரி. ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து நூற்று நாற்பத்தைந்து ரூபாய். பத்தரைக்குப் பஸ் நிலையத்தில் இறங்கினேன். வைத்திக்குப்பம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"அங்க லாட்ஜ் கிடையாதே பெரியவரே. மீன் வாங்கவா போறீங்க?"

"கவிதை எழுதப் போறேன்."

"அதுக்கு பீச் ரோட்டாண்டல்ல போவணும்? வெள்ளைக்காரன் கட்டின வூடு, ஜன்னலாண்ட காப்பி."

"அங்க காசு இருக்கறவன் எழுதுவான்."

"அப்ப நூத்தி நாப்பது குடுங்க. கவிதைக்குப் பத்து ரூபா தள்ளுபடி" என்றார். நாற்பது வருடத்தில் என் கவிதையால் எனக்குக் கிடைத்த முதல் வருமானம் அது.

அறை ஏற்கெனவே போனில் பேசி வைத்தது. கடலைப் பார்த்த வீடு, நீலக் கதவு, மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் கலியமூர்த்தி, மூன்று பேர் பங்கில் ஃபைபர் போட் வைத்திருக்கிறார். மனைவி மல்லிகா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஒரே மகள் அனிதா, டவுனில் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மாத வாடகை ஆறாயிரம், இரவுச் சாப்பாட்டுக்கு ரெண்டாயிரம் தனி. அறை பத்துக்குப் பன்னிரண்டு. புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மேலே புத்தம் புது ஃபேன், இறக்கையில் பாலித்தீன் உறைகூட முழுசாகக் கிழிக்கவில்லை.

"தை மாசம் அனிதாவுக்குக் கல்யாணம் ஐயா" என்றார் மல்லிகா. "மாப்பிள்ளை சதீஷ் அரியாங்குப்பத்துப் புள்ள. தட்டாஞ்சாவடியில கம்பெனி வேலை. அங்க வூடு சின்னது, ரெண்டு அண்ணன் குடும்பம். அதுக்கோசரம் ரெண்டு பேரும் இங்கியே மாடியில இருக்கட்டும்னு பேசி முடிச்சிருக்கு. மாப்பிள்ளையோட அப்பா எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்காரு. ஃபேன் அவரு குடுத்தது. மாப்பிள்ளையே வந்து மாட்டினாரு. சும்மாதான கிடக்குதுன்னு உங்களுக்கு ஒரு மாசத்துக்குக் குடுக்கறோம்."

ஒரே பெண் வீட்டை விட்டுப் போகாமல் தலைக்கு மேலேயே இருக்கப் போகிறாள் என்ற சந்தோஷம் அந்த அம்மாள் முகத்தில் தெரிந்தது. நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டதோடு சரி. ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு வாசற்படியிலிருந்து அலை விளிம்பு வரை நடந்து எண்ணினேன். அறுபத்து நான்கு காலடி. நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு என் நாள் இப்படிப் போயிற்று. காலை ஆறுக்கு டீ, பன்னிரண்டு ரூபாய். ஒன்பது மணிக்கு நடந்தே நூலகம், இருபத்தைந்து நிமிடம். அங்கே கடல், காற்று, வெப்பம் பற்றித் தமிழில் என்னவெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் எடுத்துப் படித்தேன். ஒரு மணிக்கு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, தொண்ணூறு ரூபாய். திரும்பி வந்து காலடி எண்ணுவது. பிறகு எழுதுவது. முதல் நாள் அறுபத்து நான்கு, மூன்றாம் நாள் அறுபது, ஏழாம் நாள் ஐம்பத்தைந்து. ஒரு வாரத்தில் ஒன்பது காலடி! புத்தகங்களில் மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தார்கள். அறையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம் மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதனால் அளப்பதைக் காலை எட்டு மணிக்கு மாற்றினேன். பத்தாம் நாள் ஐம்பத்து மூன்று. பன்னிரண்டாம் நாள் நாற்பத்தெட்டு. பதின்மூன்றாம் நாள் நாற்பத்தாறு.

அன்றைக்கே கவிதையை முடித்து என்னுடைய இந்த இணையப் பக்கத்தில் போட்டேன். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு எண். கடைசி வரிகள் இவை:

தை பிறக்கும் காலையில்
இந்த நீலக் கதவை
அலை வந்து தட்டும்.
திறப்பதற்கு
உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

கவிதைக்கு மேலே வீட்டின் படம் போட்டேன். கதவு எண்ணும் சுவரில் எழுதியிருந்த கலியமூர்த்தி பெயரும் பளிச்சென்று தெரிகிற மாதிரிப் பார்த்து எடுத்த படம். உண்மை என்றால் முகவரியோடு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

மறுநாள் மத்தியானத்துக்குள் நானூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் "ஐயா, அழுதுவிட்டேன்" என்று எழுதினார்கள். எங்கள் ஊர் மன்றத்துச் செயலாளர், என்னை ஒரு தடவைகூட மேடை ஏற்றாதவர், "பெருமையாக இருக்கிறது" என்று அனுப்பினார். அதைப் பதினைந்து தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

அன்று மாலை அனிதா வேலை முடிந்து நேராக மாடிக்கு வந்தாள். கையில் போன்.

"ஐயா, இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா. எப்படி இருக்குது?"

"நல்லாதான் இருக்கு. எனக்கு இத யாரு அனுப்பினது தெரியுமா? சதீஷோட அண்ணி. தை மாசம் தண்ணிக்குள்ள போவப்போற வூட்டுக்கா எங்க புள்ளைய அனுப்பச் சொல்றீங்கன்னு அவங்க வூட்டுல பேசிக்கிறாங்களாம். கல்யாணத் தேதியும் அந்தத் தைதான்யா. எங்க வூட்டு போட்டோ ஏன் போட்டீங்க?"

பின்னாலேயே மல்லிகா வந்தார். மீன் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஐயா, அத எடுத்துருங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"உண்மைய எப்படிம்மா எடுக்கறது? என் காலால அளந்தது" என்றேன். இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது. அப்போது கூசவில்லை.

மறுநாள் காலை கலியமூர்த்தி என்னைப் படகுப் பக்கம் கூப்பிட்டார். எஞ்சினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி மணிக்கு சார் அளந்தீங்க?"

"முதல்ல மத்தியானம். மழை வந்ததும் காலைல."

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. "நீங்க எடை போட்டவருதான? காலி லாரிய எடை போட்டு ஒரு சீட்டு, லோடு லாரிய எடை போட்டு ஒரு சீட்டு. ரெண்டையும் வெச்சிக்கினு, லாரி பெருத்துப் போச்சுன்னு எழுதுவீங்களா?"

"என்ன சொல்றீங்க?"

"கடல் தினம் ரெண்டு வாட்டி ஏறும், ரெண்டு வாட்டி வத்தும் சார். அந்த நேரமும் தினம் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளிப் போவும். அமாவாசை, பௌர்ணமிக்கு ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும். நீங்க வந்தது அமாவாசை, வத்துன நேரத்துல மொத அளவு. இன்னிக்கு பௌர்ணமி. அத ஒட்டி, ஏறுன நேரத்துல கடைசி அளவு. ஐப்பசி கார்த்திகையில அலையும் மேலதான் நிக்கும். மாசியில வந்து அளங்க, நூறுகூட வரும்."

எட்டரை மணிக்கு அவரோடு சேர்ந்து எண்ணினேன். நாற்பத்தைந்து. மத்தியானம் இரண்டரைக்கு மறுபடி எண்ணினோம். அறுபத்திரண்டு. அதே வாசற்படி, அதே கால்.

"கடல் தின்னலன்னு நான் சொல்லல" என்றார் அவர். "எங்கப்பா கட்டின வூடு, தோ அந்தக் கல்லு கொட்டியிருக்குதே, அதுக்கு அந்தாண்ட இருந்திச்சி. போயே போச்சு. முப்பது வருஷத்துல போனது சார். நீங்க பதினஞ்சு நாள்ல எழுதிட்டீங்க. நாளைக்கு நெஜமா தண்ணி ஏறுதுன்னு நாங்க போய் கவர்மெண்ட் ஆபீஸ்ல சொன்னா, உங்க கவிதையக் காட்டிச் சிரிக்க மாட்டானா?"

நூலகத்துக்குப் போய், முதல் வாரம் படித்த அதே கடல் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பே ஓதங்கள். கடலின் ஏற்ற வற்றம் பற்றிப் பதினெட்டுப் பக்கம், நிலாப் படத்தோடு. பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது என்று தாண்டிப் போயிருந்தேன். ஓதம் என்ற சொல்லை என் கவிதைகளில் எத்தனையோ இடத்தில் போட்டிருக்கிறேன், ஓசைக்காக.

தெரியாமல் செய்த பிழையை இத்தனை நீளமாக எழுத வேண்டியதில்லை. தெரிந்த பிறகு மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு எழுதலாம், வேறு மாதிரி எழுதலாம் என்று தள்ளினேன். ஒவ்வொரு தடவை போனை எடுத்தபோதும் இன்னும் பத்துப் பேர் பாராட்டியிருந்தார்கள்.

அந்த மூன்றில் இரண்டாவது நாள் காலை எட்டரைக்கு மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம், மூத்த மகன் முருகனோடு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படியிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அலை விளிம்பில் நின்று மகனைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தாறு வந்திருக்கும். கலியமூர்த்தி கடலுக்குப் போயிருந்தார். மல்லிகா காபியோடு வந்து, "இது ஏத்தம் சம்பந்தி, மத்தியானம் பாருங்க" என்று சொல்லச் சொல்ல அவர் காதில் ஏறவில்லை. பெண் வீட்டார் அப்படித்தானே சொல்வார்கள்! மல்லிகா மேலே பார்த்தார்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. மத்தியானம் அளந்தீங்களே."

எனக்குத் தெரியும். அறுபத்திரண்டு என்று சொன்னால் போதும். "காலைல அளந்தது நாற்பத்தாறுதான்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. வேலாயுதம் தலையை ஆட்டினார். காபியைக் கையில் வாங்காமலே போனார். அன்று இரவு எனக்கு வழக்கம்போல மேலே சாப்பாடு வந்தது, சங்கரா மீன் குழம்பு. மல்லிகா என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனார். உப்பு, புளி எதிலும் குறை இல்லை. என்னால்தான் முடியவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு முருகன் ஸ்க்ரூடிரைவரோடு மாடிக்கு வந்தான்.

"பெரியவரே, கட்டில்ல இருந்து கொஞ்சம் நகருங்க. ஃபேன கழட்டிக்கினு வரச் சொன்னாரு அப்பா."

கீழே அனிதா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். முருகன் என் கட்டில் மேல் ஏறி ஃபேனைக் கழற்றினான். இறக்கைகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தான், நான் வாங்கி அடுக்கினேன். கூரையில் கொக்கி மட்டும் நின்றது.

"தம்பி, வண்டியில எப்படிக் கொண்டுபோவே?"

"மடியில வெச்சிக்கத்தான் ஆள் தேடணும்."

"நான் வர்றேன்" என்றேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் ஏழு கிலோமீட்டர். பஸ்ஸில் பத்து, பதினைந்து ரூபாய்க்குள் முடியும். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஃபேன் மோட்டாரும் கையில் இறக்கைகளுமாகப் போனேன். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. முருகன் திரும்பி, "கவிதையில இதையும் எழுதுவீங்களா?" என்றான். எழுதுகிறேன்.

வேலாயுதத்தின் கடை ரோட்டோரத்தில் இருந்தது. ஃபேனை மேசை மேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். வற்றிய நேரத்தில் ஒரு அளவு, ஏறிய நேரத்தில் ஒரு அளவு, இரண்டையும் ஒப்பிட்டது தப்பு. பௌர்ணமியன்று ஒரே நாளில் நாற்பத்தைந்தும் அறுபத்திரண்டும் வந்தது. தை மாதத்தில் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

"அப்ப கடல் வராதுங்கறீங்க."

வராது என்று ஒரு சொல் சொன்னால் ஃபேனைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கலாம். அதையும் சொல்ல முடியவில்லை. "வரும்ங்க. கொஞ்ச கொஞ்சமா வந்துகிட்டுதான் இருக்குது. எப்ப அந்த வீட்டுக்கு வரும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதினேன்."

அவர் ஒரு ஸ்விட்ச் பெட்டியை மூடி வைத்தார். "அன்னிக்கு மாடிப்படியில நின்னு சொன்னீங்களே. அப்ப இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நானூறு பேர் பாராட்டியிருந்தாங்க" என்றேன். வேறு காரணம் இல்லை, அதனால் அதையே சொன்னேன்.

வேலாயுதம் மகனைப் பார்த்து, "கேட்டியாடா" என்றார். ஒருவர் வந்து நாற்பது வாட் பல்பு கேட்டு, இல்லை என்றதும் போனார். பிறகு அவரே சொன்னார்: "மழை வலுத்தா எங்க தெருவுல முழங்கால் தண்ணி. ஆறு இந்தாண்டதான ஏறுது. நீங்க எங்க வூட்டப் பத்தி எழுதியிருந்தா கலியமூர்த்தி பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு. கல்யாணத்த நிறுத்தல, போங்க. சதீஷும் ரெண்டு நாளா சாப்பிடல. ஆனா புள்ளைங்க அங்க இருக்க வேணாம். இங்கியே பக்கத்துல வாடகைக்குப் பாத்துக்கட்டும். எங்க வூட்டுக்காரிக்கு மனசுல பயம் பூந்துடுச்சி. அத நீங்க வந்து எடுக்க முடியாது."

ஃபேன் அங்கேயே இருந்துவிட்டது.

அன்று மாலையே கவிதையை எடுத்தேன். தப்பு எங்கே என்று விளக்கி ஒரு பதிவு போட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள் ஒன்பது பேர். பழைய கவிதை யாரோ எடுத்த படமாக இன்னும் சுற்றுகிறது. போன வாரம் ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "அவசியம் படியுங்கள் ஐயா" என்று எழுதியிருந்தார்.

மாதம் முடியும்வரை அங்கேதான் இருந்தேன். ஓடிவந்துவிட நினைத்தேன், மல்லிகா விடவில்லை. "வாடகை வாங்கியாச்சு, இருங்க" என்றார். கிளம்பும் அன்று, ஒரு ஃபேன் வாங்கி மாட்டிவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீங்க ஒண்ணும் மாட்ட வேணாம்" என்றார். "ரூம் இனிமே காலியாதான் கிடக்கும். வாடகைக்கு ஆள் வர்ற மாதிரி எழுதுங்க. அந்தக் கவிதைய அத்தினி பேரு படிச்சாங்கல்ல, இதையும் படிக்கட்டும். என் பேரச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க. கதவு நெம்பரு, போட்டோ எதுவும் புதுசாப் போடாதீங்க."

தை மாதம் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசியில் போனால் குடையும், நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறையும் அவசியம். மாதச் செலவு, வாடகையும் சாப்பாடும் பஸ்ஸும் சேர்த்து, எனக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூறு ஆயிற்று. கடலை அளக்க ஆசைப்பட்டால் பக்கத்தில் மணியையும் திதியையும் குறியுங்கள். அதைவிட, படகுக்காரர் யாரையாவது கேளுங்கள். நான் பதினான்கு நாள் அவர்களுக்கு வணக்கம் வைத்துக்கொண்டு குறுக்கே நடந்தேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கடல் ஏறுவது உண்மை. அதற்கு என்னுடைய தப்புக் கணக்கு தேவைப்படவில்லை.

வைத்திக்குப்பத்தில் மாதக் கணக்கில் தங்க, கடல் பார்த்த மாடி அறை ஒன்று இருக்கிறது. சுத்தமானது, காற்று வரும், இரவில் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், மீன் அன்றன்றைக்குப் பிடித்தது. ஆட்டோவில் போய் இறங்கி, மார்க்கெட்டில் மீன் விற்கும் மல்லிகா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். ஃபேன் இல்லை, கொக்கி இருக்கிறது. டேபிள் ஃபேன் ஒன்று கையோடு கொண்டு போங்கள்.